குறைந்த விலை கிராபிக்ஸ் கார்டு: டெல்டா பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எந்த ஊரிலிருந்து கேட்டாலும், புது கேம் ஆட கார்டு தேடுபவர்களின் கேள்விகள் முக்கால்வாசி ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. விலையைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். 2025 கடைசியிலிருந்து மெமரி சிப் விலை ஏறியதால் கார்டு, ரேம், எஸ்எஸ்டி எல்லாமே கூடிவிட்டன. அதனால் கீழே வரும் ரூபாய்க் கணக்கு உத்தேசம்தான். எது எதைவிட வேகம் என்ற வரிசை அவ்வளவு சீக்கிரம் மாறாது.

கையில் இருபதாயிரம் இருக்கிறது. எந்த கார்டு வாங்கட்டும்?

கார்டு பெயரைச் சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் (கணினிக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி) மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?

நம் ஊர்களில் அசெம்பிள் செய்த கணினிகளில் பெரும்பாலும் கேபினெட்டோடு சேர்ந்தே வந்த எஸ்எம்பிஎஸ்தான் இருக்கும். மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருப்பான். அதை நம்ப வேண்டாம். ஸ்டிக்கரில் ஒரு கட்டம் இருக்கும், அதில் +12 வோல்ட் என்ற இடத்துக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 என்று இருந்தால் 12ஐ 16ஆல் பெருக்குங்கள். 192 வாட். கார்டும் ப்ராசஸரும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட் லைனில் இருந்துதான். ப்ராசஸருக்கு 65 போனால் மீதி கார்டுக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம். இதில் 132 வாட் கார்டு ஒன்றை மாட்டுவது, ஒரு எச்பி மோட்டாருக்கு இழுத்த ஒயரில் அஞ்சு எச்பி மோட்டாரை ஓட்டுகிற மாதிரி. ஓடும். எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

ஆக, இருபதில் மூன்று நான்கு ஆயிரம் எஸ்எம்பிஎஸுக்குப் போகலாம் என்று முதலிலேயே ஒதுக்கிவையுங்கள். யாருக்கும் பிடிக்காத பதில்தான். ஆனால் கார்டு போனதாகச் சொல்லி வருகிற கணினிகளில் எஸ்எம்பிஎஸ் செத்துக் கிடப்பதை நிறையப் பார்த்தாகிவிட்டது.

எங்கள் ஊரில் லோ வோல்டேஜ். ஸ்டெபிலைசர் போட்டால் போதுமா?

குறுவை சமயத்தில் பம்புசெட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது, லைன் கடைசியில் இருக்கிற வீட்டில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 170, 180தான் இருக்கும். இதற்கு ஸ்டெபிலைசரைவிட நல்ல எஸ்எம்பிஎஸ்தான் மருந்து. ஸ்டிக்கரில் இன்புட் என்ற வரியைப் பாருங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் அந்த எஸ்எம்பிஎஸ் 170ல் அலட்டிக்கொள்ளாது. 200–240 என்று இருந்தால், கேமில் சண்டை உச்சத்தில் இருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் ரீஸ்டார்ட் ஆகும். அதைக் கார்டு கோளாறு என்று நினைத்து விண்டோஸைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

500 முதல் 550 வாட், 80 ப்ளஸ் பிரான்ஸ் என்ற மின்திறன் சான்று, இன்புட் 100–240. இந்த மூன்றும் இருந்தால் இந்தப் பக்கத்தில் பேசப்படும் பெரும்பாலான கார்டுகளுக்குப் போதும்.

அப்புறம் எர்த். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை, அல்லது எர்த் குழி காய்ந்து போயிருக்கிறது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்த பிறகு கார்டு வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய்ப் போய் வரும்போதும் இடி இடிக்கும்போதும் பிளக்கையே பிடுங்கிவிடுவது உத்தமம். சுவிட்சை அணைப்பது போதாது.

600 விஏ யுபிஎஸ் இருக்கிறது. அதில் கேம் ஆட முடியுமா?

600 விஏ என்பது ஏறக்குறைய 360 வாட். சின்ன கார்டு போட்ட கணினியை அது தாங்கும், சில நிமிடம். கேமை சேவ் செய்து ஷட் டவுன் பண்ணத்தான் அது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது சைன் வேவா, ஸ்கொயர் வேவா என்று பாருங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ் சில ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரோடு ஒத்துப்போகாமல் அணைந்துவிடும்.

4 ஜிபி கார்டு போதாதா? கடையில் போதும் என்கிறார்களே.

எந்த கேம் என்பதைப் பொறுத்தது. வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5 மாதிரி கேம்கள் மட்டும்தான் என்றால் 4 ஜிபி ஓரளவு தாக்குப்பிடிக்கும். சில வருடங்களாக வருகிற பெரிய கேம்களுக்குப் போதாது. கார்டின் சொந்த மெமரியை, அதாவது விரேமை, நிரப்புவது பெரும்பாலும் டெக்ஸ்சர்தான்: சுவரின் காரை, சட்டையின் நெசவு, முகத்தின் தோல். அது நிரம்பியதும் மிச்சத்தைக் கணினியின் ரேமிலிருந்து இழுத்து வர வேண்டியிருக்கும். அங்கேதான் கேம் திக்கித் திக்கி ஓடும். சராசரி எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற கணக்கு) 50 என்று காட்டும், ஆனால் திரும்புகிற ஒவ்வொரு மூலையிலும் ஒரு நொடி நின்று போகும்.

இன்னொரு மாற்றம் மெமரியைவிடப் பெரியது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் இரண்டுக்கும் ரே ட்ரேசிங் (ஒளி பட்டுத் தெறிப்பதைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் கட்டாயம். செட்டிங்கில் அணைத்துவிட்டு ஆட வழியில்லை. இரண்டுமே குறைந்தபட்சமாகக் கேட்பது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் அல்லது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி. ஜிடிஎக்ஸ் 1650, 1660 வைத்திருப்பவர்களுக்கு இந்த வாசல் மூடியாகிவிட்டது. இனி வரும் பெரிய கேம்களில் இது கூடுமே தவிரக் குறையாது. அதனால்தான் புதிதாக ஜிடிஎக்ஸ் 1650 வாங்கித் தர நான் யாருக்கும் ஒத்துக்கொள்வதில்லை, பழைய ஸ்டாக் என்று விலை குறைத்துக் கொடுத்தாலும்.

இதில் ஒரு பொடி வைத்த வியாபாரமும் உண்டு. '4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு' என்று சொல்லி ஜிடி 730ஐத் தலையில் கட்டுவார்கள். 2014ல் வந்த கார்டு அது. இரண்டாவது மானிட்டர் மாட்டவும் படம் பார்க்கவும்தான் லாயக்கு. 4 ஜிபி என்ற எண் அதன் பெட்டியில் இருப்பதாலேயே அது கேமிங் கார்டு ஆகிவிடாது.

சரி, எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது. இப்போதாவது கார்டு பெயரைச் சொல்லுங்கள்.

இருபதாயிரத்தை ஒட்டி, முழு அளவு கேபினெட், 1080 பிக்சல் மானிட்டர் என்றால் ஆர்எக்ஸ் 6600. ஏஎம்டி 2021 அக்டோபரில் விட்டது. 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு எட்டு பின் கேபிள். வயதான கார்டுதான், ஆனால் இந்த விலையில் இத்தனை வேகம் தருவது புதுக்கார்டில் அரிது. சரக்கு குறைந்துகொண்டே வருகிறது. கிடைத்தால் யோசிக்க வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ் மாற்றவே முடியாது என்றால் ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. 70 வாட்தான் எடுக்கும்; மதர்போர்டு ஸ்லாட்டே அந்த மின்சாரத்தைக் கொடுத்துவிடும், தனிக் கேபிள் வேண்டாம். ஆனால் பெயரில் ஒரு சூது இருக்கிறது. 2022ல் வந்த 3050க்கு 8 ஜிபி, 2560 கோர் (கணக்குப் போடும் சின்ன அலகுகள்), 128 பிட் மெமரிப் பாதை. 2024ல் அதே பெயரில் வந்த 6 ஜிபி கார்டுக்கு 2304 கோர், 96 பிட். இரண்டும் ஒன்றல்ல. யூடியூபில் 8 ஜிபி கார்டின் வேகத்தைப் பார்த்துவிட்டு 6 ஜிபி வாங்கி வந்து ஏமாறாதீர்கள். வேகத்தில் இது ஆர்எக்ஸ் 6600க்கு நன்றாகவே பின்தங்கும்.

கொஞ்சம் கூடப் போட முடிந்தால் ஆர்டிஎக்ஸ் 5050: 2025ல் வந்தது, 8 ஜிபி, 130 வாட். முப்பதாயிரத்தைத் தொட்டால் ஆர்டிஎக்ஸ் 5060. அதற்கும் மேலே போகிறவர்கள் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபியைப் பாருங்கள். இதிலும் 8, 16 என்று இரண்டு இருக்கிறது. கடைக்காரர் விலையைச் சொல்லும்போது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வேண்டாம். 4 ஜிபி, அதுவும் மதர்போர்டோடு பேச நாலே நாலு லேன். பிசிஐஇ (கார்டு மாட்டும் ஸ்லாட்) 3.0 என்ற பழைய தலைமுறை போர்டில் மாட்டினால் இருக்கிற வேகத்திலும் ஒரு பங்கு போய்விடும். நம் ஊர்க் கணினிகளில் பாதிக்கு மேல் 3.0தான்.

இன்டெல் ஆர்க் விலை மலிவாகத் தெரிகிறதே?

பி580 நல்ல கார்டு. 12 ஜிபி, 2024 டிசம்பரில் 249 டாலருக்கு அறிவித்தார்கள். ஆனால் அதற்கு ரீசைசபிள் பார் (ப்ராசஸர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே வீச்சில் எட்ட விடுவது) என்ற வசதி மதர்போர்டில் இருந்தாக வேண்டும். பொதுவாக இன்டெல் 10ஆம் தலைமுறை, ரைசன் 3000 முதல்தான் அது கிடைக்கும். ப்ராசஸரும் வேகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்டு பாதி நேரம் சும்மா நிற்கும். பழைய 4ஆம் தலைமுறை ஐ5ல் மாட்டுவதற்கான கார்டு இது இல்லை.

ஆபீஸில் கழித்துக்கட்டிய டெல், எச்பி கணினி ஒன்பதாயிரத்துக்குக் கிடைத்தது. அதில் கார்டு போடலாமா?

போடலாம். ஆனால் கையோடு அளவு டேப் எடுத்துக்கொள்ளுங்கள்.

டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் மாதிரி கணினிகளில் ஒல்லியான கேபினெட் வகையில் முழு உயர கார்டு நுழையவே நுழையாது. உயரம் குறைந்த லோ ப்ரொஃபைல் கார்டுதான் வேண்டும். இரண்டு ஸ்லாட் அகலத்துக்கு இடம் இருக்கிறதா, கார்டின் நீளத்துக்கு ஹார்ட் டிஸ்க் ட்ரே இடிக்கிறதா என்று அளந்து பாருங்கள். எஸ்எம்பிஎஸ் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவத்தில், 180லிருந்து 260 வாட்டுக்குள் இருக்கும். வெளிச்சந்தை எஸ்எம்பிஎஸை அதில் மாட்ட முடியாது. ஆக மிச்சம் இருப்பது ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபியின் லோ ப்ரொஃபைல் வடிவம். ஒன்பதாயிரம் கணினியில் அதைவிட விலையுள்ள கார்டா என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நாளைக்கு வேறு கணினிக்கு மாறினால் கார்டு கூடவே வரும்.

ரேமையும் பாருங்கள். 8 ஜிபி ஒற்றை ஸ்டிக் இருந்தால் இன்னொரு 8 போட்டு இரட்டைச் சேனலாக்குங்கள். கேம் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் எந்தக் கார்டு போட்டாலும் லோடிங்குக்கு உட்கார்ந்திருக்க வேண்டும், எஸ்எஸ்டி அவசியம்.

எச்61 மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக: இரண்டாம், மூன்றாம் தலைமுறை இன்டெல் போடுகிற பழைய போர்டு அது. பழைய பயாஸ் (போர்டை முதலில் எழுப்பும் மென்பொருள்) உள்ள சிலவற்றில் புதுக் கார்டு மாட்டினால் டிஸ்ப்ளேயே வராது. வாங்கும் முன் யாரிடமாவது கார்டை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 580 ஐந்தாறு ஆயிரத்துக்கு வருகிறது. எடுக்கலாமா அண்ணே?

எடுக்கலாம் தம்பி, கண்ணைத் திறந்துகொண்டு.

இந்தக் கார்டுகள் எங்கிருந்து இவ்வளவு வந்தன என்று தெரிந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்பது புரியும். எத்தீரியம் என்ற கிரிப்டோ காசு தோண்ட (மைனிங் என்பார்கள்) ராப்பகலாக ஓடியவை இவற்றில் நிறைய. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் அந்த முறையையே கைவிட்டது. ஒரே நாளில் உலகம் முழுக்க அந்தக் கார்டுகளுக்கு வேலை போய், சந்தையில் கொட்டின. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே சிப் கெட்டுவிடாது. ஃபேன் தேய்ந்திருக்கும், மெமரி சூட்டில் வாடியிருக்கும், தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும். கார்டின் பயாஸை மாற்றி எழுதியிருக்கவும் கூடும்.

பெயரிலும் கவனம் வேண்டும். '580 2048 எஸ்பி' என்று ஒன்று உண்டு. உண்மையான 580க்கு 2304 கோர், இதற்கு 2048. அதாவது 570க்கு 580 சட்டை போட்டது. பி106 என்ற பெயரில் வந்தால் அது மைனிங்குக்கென்றே செய்தது; பின்பக்கம் எச்டிஎம்ஐ ஓட்டையே இருக்காது. எங்கே மானிட்டரைச் சொருகுவது என்று அப்புறம் தேடக்கூடாது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று ஸ்டிக்கர் ஒட்டிய போலிகளும் சுற்றுகின்றன. உள்ளே பத்துப் பதினைந்து வருடப் பழைய சிப் இருக்கும், பெயரை மட்டும் மாற்றி எழுதியிருப்பார்கள். ஜிபியு-ஸி என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். என்விடியா போலி என்றால் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

விற்பவர் வீட்டுக்கோ கடைக்கோ நேரில் போங்கள். முதலில் கார்டைக் கையில் வாங்கி முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை வந்தால் விலை பேசவே வேண்டாம். ஃபேனை விரலால் சுற்றிவிடுங்கள். கரகரவென்று நின்றால் பேரிங் போயிற்று. தங்க நிற முனைகள் கறுத்திருக்கிறதா, ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு கணினியில் மாட்டச் சொல்லி கார்டைச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளையோ ஒரு கனமான கேமையோ இருபது நிமிடம் ஓடவிடுங்கள். திரையில் புள்ளி, கோடு, நிறக்கட்டம் எதுவும் தெரியக்கூடாது. சூடு 85ஐத் தாண்டக்கூடாது. 'வீட்டுக்குப் போய் மாட்டிப் பாருங்க, ஒண்ணும் ஆகாது' என்று அவசரப்படுத்துகிறவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுங்கள்.

ஜிடிஎக்ஸ் 1060, 1070 மாதிரி பத்தாம் வரிசைக் கார்டுகள் இன்னும் நன்றாக ஓடுகின்றன. ஆனால் புது கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். பழைய கேம் ஆடுபவர்களுக்கு இது ஒரு குறையே இல்லை. விலை பேசும்போது மட்டும் ஞாபகப்படுத்துங்கள்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் என்பதெல்லாம் நிஜமாகவே வேலை செய்கிறதா?

செய்கிறது. கேமைச் சின்ன அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுவதுதான் வித்தை. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் மட்டும், படம் தெளிவு. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 2, 3 எந்தக் கம்பெனி கார்டிலும் ஓடும். எஃப்எஸ்ஆர் 4 ஆர்எக்ஸ் 9000 வரிசைக்கென்று வந்தது. ஃப்ரேம் ஜெனரேஷன் என்பது வேறு: இரண்டு நிஜ ஃப்ரேமுக்கு நடுவே ஒன்றைச் செயற்கையாகச் செருகுவது. விளம்பரத்தில் 'இரண்டு மடங்கு எஃப்பிஎஸ்' என்று பார்த்தால் இதுதான். அடிப்படையில் 25 எஃப்பிஎஸ் வருகிற கார்டில் இதைப் போட்டால் எண் 50 ஆகும், மவுஸ் இன்னும் 25க்கான மந்தத்தில்தான் இருக்கும்.

என் பையன் 'படிப்புக்கு வேண்டும்' என்று கார்டு கேட்கிறான். உண்மையா?

சி, ஜாவா, பைத்தான் எழுதிப் பழகக் கார்டு தேவையில்லை அம்மா. பிளெண்டரில் முப்பரிமாண வேலை, வீடியோ எடிட்டிங், மெஷின் லேர்னிங் இவற்றில் நிஜமாக இறங்கியிருந்தால் தேவைதான். அதற்கு என்விடியா கார்டு நல்லது, கூடா என்ற அதன் கட்டமைப்பை நம்பித்தான் நிறைய மென்பொருள் எழுதியிருக்கிறார்கள். பிளெண்டரில் செய்த ஒரு வேலையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் வாங்கிக் கொடுங்கள். காட்டாவிட்டாலும், அரியர் இல்லாமல் இருந்தால் வாங்கிக் கொடுக்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஸ்டூடியோக்காரர்களுக்கும் என்விடியாதான் சொல்வேன். ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் வீடியோ என்கோடரே கிடையாது.

அரசு கொடுத்த லேப்டாப்பில் கார்டு மாட்ட முடியுமா?

முடியாது. லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் போர்டிலேயே பற்றவைத்தது. வெளியே பெட்டி வைத்து தண்டர்போல்ட் வழியாக மாட்டும் முறை உண்டு. அந்தப் போர்ட் இல்லாத லேப்டாப்பில் அதற்கும் வழியில்லை, இருந்தாலும் அந்தச் செலவுக்கு ஒரு கணினியே அசெம்பிள் செய்துவிடலாம்.

வெயில், தூசி, உப்புக்காற்று. கார்டு தாங்குமா?

சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும்போது கார்டு 80ஐத் தொடுவது இயல்பு, பயப்பட வேண்டாம். தூசிதான் எமன். தை, மாசியில் சம்பா அறுவடை மெஷின் ஓடும்போது பறக்கிற சுனையும் வைக்கோல் தூளும் ஜன்னல் வழியாக வந்து, ஹீட் சிங்க் இடுக்கில் பஞ்சு மாதிரி அப்பிக்கொள்ளும். அறுவடை முடிந்ததும் ஒருமுறை மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், காற்றில் அதைப் பறக்கச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். பஞ்சர் கடை கம்ப்ரஸர் வேண்டாம். அந்தக் காற்றில் தண்ணீரும் ஆயிலும் கலந்து வரும்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்பு ஒரு தொல்லை. ஸ்லாட் முனைகளில் பச்சை பூக்கும். ஜன்னலை ஒட்டிக் கணினியை வைக்காதீர்கள். மாதக்கணக்கில் அணைத்துப் போடுவதைவிட வாரம் ஒருமுறையாவது ஓட்டுவது நல்லது, உள்ளே ஈரம் தங்காது.

கரண்ட் பில் எகிறுமா?

130 வாட் கார்டு போட்ட கணினி, மானிட்டரோடு சேர்த்து, கேம் ஓடும்போது 250 வாட் என்று வையுங்கள். தினம் மூன்று மணி நேரம், 60 நாளுக்கு 45 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் இது ஏசியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. உங்கள் வீடு ஏற்கனவே 470, 480ல் நிற்கிறது என்றால் மட்டும் பாருங்கள்; 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும்.

கார்டு மாட்டியும் கேம் வேகம் ஏறவில்லை. ஏன்?

மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகியிருக்கிறீர்கள். கார்டில் சொருகுங்கள். பழைய விஜிஏ மானிட்டர் என்றால் புதுக் கார்டில் அந்த ஓட்டை இருக்காது. எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் கன்வெர்ட்டர் வாங்க வேண்டும், வெறும் கேபிள் போதாது.

எங்கே வாங்குவது? கும்பகோணமா, திருச்சியா, சென்னை ரிச்சி தெருவா, ஆன்லைனா?

விலையில் ரிச்சி தெருவும் ஆன்லைனும் முன்னே நிற்கும். ஆனால் டிக்கெட், சாப்பாடு, ஒரு நாள் லீவு எல்லாம் சேர்த்தால் உள்ளூர்க்காரர் கேட்கிற ஆயிரம் ரூபாய் அதிகம் பெரிதாகத் தெரியாது, அவர் பில் கொடுப்பவராக இருந்தால். ஜிஎஸ்டி 18 சதவீதம். 'பில் வேண்டாம்னா கொறச்சுத் தரேன்' என்பதற்கு ஒத்துக்கொண்டால் வாரன்ட்டியின்போது நீங்கள்தான் அலைய வேண்டும். பெட்டியில் இருக்கும் சீரியல் எண், கார்டில் இருக்கும் எண், பில்லில் எழுதிய எண் மூன்றும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை ஆரம்பத்திலிருந்து வீடியோ எடுத்துவையுங்கள். பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். வாரன்ட்டிக்கு கூரியரில் சென்னைக்கு அனுப்ப அதே பெட்டிதான் வேண்டியிருக்கும்.